விமானத்தின் பொட்டு

டவராவில் வெதுவெதுப்பான தண்ணீர். அதன் அடியில் நகத்தளவு தாளொன்று கிடந்தது. தாளின் மேல் ஒரு வட்டம். ஓரத்தில் காவி, அதற்குள் வெள்ளை, நடுவில் பச்சை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையும்போதெல்லாம் வெயில் தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. நான் இருபது வரை எண்ண வேண்டும். எட்டோ ஒன்பதோ வரும்போது எண்ணிக்கையைத் தவறவிட்டு, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எங்கள் வீட்டில் பால்கனிக்குப் போனால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

செங்கல்பட்டிலிருந்து பிசியோதெரபிப் பெண்.

"ஆன்ட்டி, அங்கிள் ஏன் மூணு வாரமா வரல?"

"ஊர்ல இல்லம்மா. தென்காசில எங்க சொந்தக்காரங்க கல்யாணம். அங்கன போயிட்டோம்" என்றேன்.

தென்காசியில் எந்தக் கல்யாணமும் இல்லை. அங்கிள் என்று அவள் சொன்ன மனிதர் எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி, நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லாததால் கல்யாணத்துக்குச் சாப்பாடு, பந்தல், மழை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணும் பாவம், நம்பிவிட்டாள்.

இவரும் விமானத்தின் வயிறும்

இந்தத் தொடரில் இதுவரை என் டிராயிங் ஆபீஸ் கதைகளைத்தான் எழுதி வந்தேன். பெண்ணாக இருந்தாலும் 'டிராஃப்ட்ஸ்மேன்' என்ற பதவிப் பெயரோடு முப்பது வருஷம் கோடு போட்ட கதை. வீட்டுக்காரரைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

இவர் பெயர் தயாளன். வேடந்தாங்கல் பக்கம். பறவை பார்க்க வருகிறவர்கள் இன்று காரை நிறுத்தும் இடத்துக்கு எதிரே, அடுத்தவர் நிலத்தில் இவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் கதையைச் சொல்லி இவர் யாரிடமும் இரக்கம் தேடியதில்லை. பன்னிரண்டாவது முடித்தார், விமானப்படையில் ஆள் எடுத்தார்கள், போனார். அவ்வளவுதான் இவர் சொல்வது.

விமானப்படை என்றதும் எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இவர் ஆகாயத்தில் பறந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். இவர் பறக்கவில்லை. பழுது பார்க்கிற ஆள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த பெரிய சரக்கு விமானங்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்தார். "பிளேனோட வயிறுதான் எனக்குத் தெரியும். மூஞ்சிய பைலட்டுங்களக் கேளு" என்பார். அதன் பிறகுதான் கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மாடல் விமானம் கட்டுகிற பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பிளாஸ்டிக் துண்டுகள் பெட்டியில் வரும். ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிக்க ஒரு வருஷம்கூட ஆகும். சாப்பாட்டு மேஜையில் பாதி என்னுடையது, பாதி விமான நிலையம். சாம்பாரில் தின்னர் வாசனை அடிக்கிறது என்று நான் சண்டை போடாத மாதம் கிடையாது.

போன மழைக்காலத்தில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. வாயும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பேச்சு திரும்பி வந்தது, மெதுவாக. கால் ஓரளவு வந்தது. கை வரவில்லை. வரும் என்றுதான் டாக்டர் சொன்னார், பயிற்சியை விடக் கூடாது என்றும் சொன்னார். இவர் விட்டுவிட்டார்.

அப்போது மேஜையில் ஒரு விமானம் பாதியில் நின்றிருந்தது. இவர் பதினைந்து வருஷம் படுத்துக் கிடந்த அதே சரக்கு விமானம். சாம்பல் நிறம் பூசி, அதன் மேல் பளபளப்பு வார்னிஷும் அடித்து வைத்திருந்தார். ஒட்டுப்படங்களும் கடைசிப் பூச்சும்தான் பாக்கி.

"நீ முடிச்சிடு, செண்பகம்" என்றார் ஒரு நாள். "இதோட கடை கட்டியாச்சு."

எதன் கடையைக் கட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது. இந்த விமானம் முடிந்த மறுநாள் இந்த மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மறுபடி திரும்பவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு ஒட்டுப்படம். உடம்பு சரியில்லை என்று நடுநடுவே லீவும் போட்டேன்.

தண்ணீரில் ஊறும் படங்கள்

டெகால் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் வாங்கிய ஆரம்பத்தில் நான் டிகாக்‌ஷன் என்று காதில் வாங்கிக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தவள். நீங்கள் நினைக்கிற ஸ்டிக்கர் இல்லை. உரித்து ஒட்டினால் ஒட்டாது. கத்தரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தாளுக்கும் படத்துக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். அப்போது தாளோடு எடுத்துக்கொண்டுபோய் விமானத்தின் மேல் வைத்து, ஈரத் தூரிகையால் படத்தை மட்டும் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

வழுக்குகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் ஆட்கள் இந்தப் பைத்தியத்தில் விழுகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கனவில் மாடிப்படி இறங்கும்போது கால் தரையில் படாமல் போகுமே, அப்படி இருக்கும். படம் தாளிலும் இல்லை, விமானத்திலும் இல்லை. நடுவில் ஒரு துளி தண்ணீரில் நிற்கிறது. அந்த நேரம் அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

பளபளப்பு வார்னிஷ் மேல்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று புகுந்து வெள்ளி மாதிரி தெரியும். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு மேட் பூச்சு. அது மொத்தப் பளபளப்பையும் அடக்கிவிடும்.

இந்த மேட் விஷயம் என் நாத்தனார் கஸ்தூரிக்குப் பிடிபடவே இல்லை. இவருடைய தங்கை. நாவலூரில் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேஜை வேலை. சனி, ஞாயிறு வந்தால் புதுப்பட்டினத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"இன்னா அண்ணி, பளபளன்னு கீறத இன்னாத்துக்கு மட்டமாக்கிகினு?"

"மட்டம் இல்லட்டி, மேட்டு."

"எதோ ஒண்ணு. புது வண்டிய யாராவது அழுக்காக்குவாங்களா?"

நான் இவரிடம் கேட்டேன், இவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பெரிய பிளேன தூரத்துல வெச்சிப் பாத்தா மின்னாது. சின்னது மின்னிச்சின்னா பொம்மையாயிடும்."

அன்று இவர் பேசிய முழு வாக்கியங்கள் அவை மட்டும்தான்.

வட்டத்தைக் காணோம்

பிசியோதெரபிப் பெண்ணிடம் கல்யாணத்தை ஒரு வழியாக முடித்துவிட்டு உள்ளே வந்தேன். டவரா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் ஃபோனில் இருந்தபோது வந்துவிட்ட கஸ்தூரி வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

விமானத்தின் இடது பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரே வட்டம். வலது பக்கமும் இறக்கைகளும் முடிந்துவிட்டன. ஒட்டுப்படங்கள் இருந்த அந்த ஷீட்டை எங்கேயோ வட நாட்டில் ஒருவர் அச்சடித்து விற்றார், இப்போது விற்பதில்லை என்று இவர் சொல்லியிருந்தார்.

"கஸ்தூரி, டவராவுல இருந்தத எங்க?"

"தண்ணிதான் இருந்திச்சி. கொட்டிட்டேன்."

"தண்ணிக்குள்ள?"

"தாளு ஒண்ணு கெடந்துச்சி, குப்பைல போட்டேன்."

"தாளு மேல?"

கஸ்தூரி மீனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எத, அந்தப் பொட்டா? தண்ணில மெதந்துகினு இருந்திச்சே, கலர் பொட்டு. உன்னுதுதான் வுழுந்துடுச்சின்னு எடுத்துத் தோ, கண்ணாடில ஒட்டி வெச்சிகீறேன். சொதந்தர தினத்துக்கு ஆபீஸ்ல குடுப்பாங்களே, அது மாதிரி இருந்திச்சி."

பொட்டு. அவள் மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? உள்ளது உள்ளபடி பார்த்தால் அது பொட்டுதான்.

கை கழுவும் இடத்துக்கு மேலே உள்ள கண்ணாடி என்னுடைய பொட்டுகளின் குடியிருப்பு. ராத்திரி முகம் கழுவும்போது நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டுவேன். மறுநாள் எடுக்க மறந்து புதிதாக ஒன்று வைத்துக்கொள்வேன். எந்த வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் மெரூன் பொட்டுகளுக்கு நடுவே முகத்தைத் தேடிப் பிடித்துச் சவரம் செய்தவர் இவர். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடிப் பக்கம் இவர் வருவதே இல்லை. சவரத்துக்கு ஆள் வீட்டுக்கு வருகிறார். நாற்காலியிலேயே முடிந்துவிடும். முடிந்ததும் அந்த ஆள் கையடக்கக் கண்ணாடியை நீட்டுவார். இவர் தலையைத் திருப்பிக்கொள்வார். பின்பக்கக் குழாயில் கை கழுவுவார். இறங்கிப்போன அந்த ஒரு பக்க வாயை நான் எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தான் பார்க்கக் கூடாது என்று இவர் முடிவு செய்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். மெரூன் பொட்டுகளுக்கு நடுவில் மூவர்ணத்தில் விமானப்படை உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கமில்லை. நான் ஒட்டியிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. காயத் தொடங்கியிருந்தது.

"இரு அண்ணி, தேங்காண்ண போட்டு எடுத்துடலாம். பொட்டு கோந்துக்கெல்லாம் அதான். இல்லன்னா பிளேடு வெச்சி..." என்றாள் கஸ்தூரி.

"எண்ண வெக்காத!"

இவர் குரல். இத்தனை மாதத்தில் இவ்வளவு சத்தமாக நான் கேட்கவில்லை. பிறகு நாற்காலி தள்ளும் சத்தம். தடியின் சத்தம். ஒரு கால் ஊன்றி மறுகால் தேய்த்து வரும் சத்தம்.

கண்ணாடிக்கு முன்னால்

வந்தார். கஸ்தூரியைத் தோளால் நகர்த்தினார். தடியைக் கை கழுவும் தொட்டியில் சாய்த்தார். நிமிர்ந்தார்.

இவர் உயரத்துக்கு அந்த வட்டம் சரியாக நெற்றியில் இருந்தது. கண்ணாடியில் ஒரு நரைத்த மனிதர், ஒரு பக்க வாய் இறங்கியவர், புருவத்துக்கு மத்தியில் காவியும் வெள்ளையும் பச்சையுமாகப் பொட்டு வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் சிற்பப் பட்டறையில் கல்லில் உளி விழும் சத்தம் எங்கோ வேறு ஊரில் கேட்பது போல வந்தது. இப்போது திரும்பிப் போய்விடுவார், இனி எழுந்தே வர மாட்டார் என்று நினைத்தேன்.

கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்காது. "ண்ணா, உனுக்குத்தான் அளவெடுத்து வெச்சாப்ல கீது" என்றாள்.

இவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. மறு பாதி சும்மா இருந்தது. அதைக் கண்ணாடியில் இவரும் பார்த்தார். பார்த்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கப் பஞ்சு எடுக்க ஓடினேன்.

பிறகு ஆணைகள். வெந்நீர் கொண்டு வா, கொதிக்கக் கூடாது. பஞ்சை நனை. வட்டத்தின் மேல் வை, அழுத்தாதே. இடது கையால் இவரே பஞ்சைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டையை நனைத்தது. அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெந்நீர் ஆவியில் கண்ணாடி மங்கி, இவர் முகம் போய், வட்டம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் லேசாக நகர்ந்தது.

"இப்போ. தாள கீழ வை. தூரிகைல தள்ளு. அவசரப்படாத."

குப்பையிலிருந்து பொறுக்கிய தாளை நனைத்துக் கீழே பிடித்தேன். தள்ளினேன். வட்டம் வழுக்கிக்கொண்டு தாளுக்கு இறங்கி வந்தது.

அதில் ஒட்டுப்பசை இல்லாமல் போயிருந்தது. ஒரு துளி வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, விமானத்தின் இடது பக்கத்தில் தடவி, வட்டத்தை ஏற்றினேன். அதன் மேல், படத்தை இளக்கிப் படியவைக்கும் திரவம். வினிகர் வாசனை அடிக்கும். பூசியதும் வட்டம் சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழ ஆரம்பித்தது. பதறிப்போய் விரலைக் கொண்டுபோனேன்.

"கைய எடு. அதுவா படியும்."

படிந்தது. ஆனால் கொஞ்சம் சாய்ந்து படிந்தது. வட்டம் சாய்ந்தால் யாருக்குத் தெரியும் என்பீர்கள். வட்டத்தைச் சுற்றி இருந்த கண்ணாடி போன்ற சவ்வு ஓரம் ஒரு முனையில் கிழிந்து, விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு நூலளவு கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷம் கோடு போட்ட கண், எனக்குத் தெரிந்தது. இவருக்கும் தெரிந்திருக்கும்.

மேற்கே இருந்து வரும் காற்று

மேட் பூச்சு அடிக்க எங்கள் ஊரில் எல்லா நேரமும் நேரமில்லை. ஒரு முறை மழை மாதத்தில் அவசரப்பட்டு அடித்து, ஈரக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, மூன்று மாத உழைப்பு முழுவதும் வெள்ளையாகப் பூத்துப்போனது. அன்று இவர் சாப்பிடவில்லை. கடல் காற்று ஏறுவதற்கு முன் அடிக்க வேண்டும். பட்டறையில் கல் அறுக்கும் மிஷின் ஓடினால் தூசு. ஆக, பட்டறைக்கு லீவான ஞாயிறு, காலைப் பலகாரத்துக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் ஒரு இடுக்கு.

"காத்து இன்னும் மேக்கால இருந்துதான் வருது. பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுங்க" என்று கஸ்தூரி மொட்டை மாடியிலிருந்து கத்தினாள். அவளாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இவரைப் படியேற்றியது ஒரு தனிக் கதை. பதினெட்டுப் படி. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். மேலே போனதும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டேன். விமானத்தின் வயிற்றில் ஒரு குச்சியைச் செருகிக் கையில் பிடித்தேன். ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி இவரிடம் கொடுத்தேன். உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஓடியது. இடது கையில் வாங்கினார். வலது கை மடியில் கிடந்தது.

"ஒரு சாண் தள்ளிப் புடி. நான் அடிக்கும்போது நிறுத்தாத, மெதுவா திருப்பிகினே இரு."

காற்றிலேயே ஆரம்பித்து, விமானத்தைக் கடந்து, காற்றிலேயே முடிக்க வேண்டும். உஸ்ஸென்று புகை போல வந்தது. மூக்கிலிருந்து பளபளப்பு அடங்கத் தொடங்கியது. இறக்கைமேல் இருந்த சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. ஒட்டுப்படம், பெயின்ட், வார்னிஷ் என்று தனித்தனியாக இருந்ததெல்லாம் ஒரே தோலாகிவிட்டது. தூரத்தில் கடல் வெளுத்துக் கிடந்தது. பின்னால் ஆகாயம் மட்டும் இருந்ததால், என் கையில் இருப்பது சிறியதா பெரியதா என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. நான் கீழே எங்கோ நின்று அண்ணாந்து பார்ப்பது போல் இருந்தது.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஒரு நூல் இறங்கிய வட்டம் இப்போது நிரந்தரமாகிவிட்டது. இனி எந்தத் தண்ணீராலும் எடுக்க முடியாது. இவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அதையே பார்த்தார். முடிந்துவிட்டது, கீழே போய்ச் சுவரைப் பார்க்கப் போகிறார் என்று பயந்தேன்.

"நீ ஆட்டற" என்றார்.

"என்னது?"

"அடிக்கும்போது குச்சிய ஆட்டற. இறக்கைல ஒரு எடத்துல தடிச்சிப் போச்சி, பாரு." டப்பாவை என்னிடம் நீட்டினார். "அடுத்த பிளேனுக்கு நீ அடி. நான் புடிச்சிக்கிறேன்."

டப்பா அடிப்பதற்கு ஒரு விரல் போதும். குச்சியைப் பிடித்துத் திருப்பத்தான் நல்ல கை வேண்டும். இடது கை இவருக்கு ஒரு நாளும் நிதானமாக நின்றதில்லை. அது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். என் வாயும் சும்மா இருக்காது.

"எந்தக் கையால புடிப்பீங்க?" என்று கேட்டேன்.

மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். பெருவிரல் மட்டும், உறக்கத்தில் அசைவது போல, ஒரு முறை அசைந்தது.

"இதாலதான். வேற எதால?" என்றார். "அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போட்டு, தென்காசி கல்யாணம் முடிஞ்சிடுச்சின்னு சொல்லு."